தம்பியின் சொரியாசிஸுக்கு எல்எல்-37 ஊசி போடலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து, என்னிடம் உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை எழுதியிருக்கிறாள்: "சேர், தம்பிக்கு மூன்று வருடமாகச் சொரியாசிஸ். அவனுடைய கூட்டாளி கொழும்பிலிருந்து போனில் ஒரு விளம்பரம் அனுப்பியிருக்கிறான். எல்எல்-37 என்று ஒரு பெப்டைட்டாம். உடம்பிலேயே இயற்கையாக இருப்பதாம். ஊசியாகப் போட்டால் நோயெதிர்ப்புச் சக்தி கூடுமாம், தோல் வியாதி எல்லாம் போய்விடுமாம். விலை அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டுகிறது. கடன் வாங்கியாவது எடுக்கலாமா?"

மகள், வாங்க வேண்டாம். பதில் அவ்வளவுதான். ஏன் என்று சொல்வதற்குத்தான் மீதி எல்லாம்.

அந்த விளம்பரத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் தொல்லை. எல்எல்-37 உடம்பில் இயற்கையாக இருப்பது உண்மை. நோயெதிர்ப்பில் அதற்குப் பெரிய வேலை இருப்பதும் உண்மை. ஆனால் தம்பியின் முழங்கையிலும் காலிலும் வெள்ளைச் செதிலோடு தடித்திருக்கும் இடங்களில் அது குறைந்துபோய்க் கிடக்கவில்லை, ஏற்கெனவே தேவைக்கு மேல் குவிந்திருக்கிறது. பால் பொங்கி வழிகிற அடுப்பில் யாராவது இன்னொரு விறகைச் செருகுவார்களா?

இந்தக் கதை தவளையில் தொடங்குகிறது. மைக்கேல் சாஸ்லோஃப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1980களில் ஆபிரிக்க நகத்தவளைகளின் முட்டைகளை வைத்து வேறு ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தவளையின் வயிற்றைக் கீறி முட்டையை எடுப்பார், தைப்பார், திரும்பவும் தொட்டியில் விடுவார். தொட்டித் தண்ணீரோ கிருமி மண்டியது. நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பீலித் தண்ணீர் ஓடித் தேங்கும் குட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட தண்ணீரில் கிடந்தும் தையல் போட்ட இடம் சீழ் பிடிக்கவில்லை, அழகாக ஆறியது. ஏன் என்று தேடப் போனவர் தவளைத் தோலிலிருந்து இரண்டு சிறிய பெப்டைட்டுகளைப் பிரித்தெடுத்தார். 1987இல் அதை வெளியிட்டார். ஹீப்ரு மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அவற்றுக்கு மகெய்னின் என்று பெயர் வைத்தார். அதற்கு முன்பே, 1981இல், சுவீடனில் ஹான்ஸ் பொமனின் குழு ஒரு பட்டுப்பூச்சி இனத்தின் கூட்டுப்புழுவில் இதே மாதிரியான பொருளைக் கண்டிருந்தது. பூச்சிக்கு உண்டு, தவளைக்கு உண்டு, மனிதனுக்கு மட்டும் இல்லாமலா போகும்? தேடினார்கள். 1995இல் மனிதனுடையதும் கிடைத்தது.

பெப்டைட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அமினோ அமிலங்களைப் பூச்சரம் மாதிரிக் கோத்தால் பெப்டைட், அதுவே நீண்டு மடிந்து உருவெடுத்தால் புரதம். நம்முடையது 37 அமினோ அமிலம் கொண்ட சரம். முதல் இரண்டும் லியூசின். லியூசினின் குறியெழுத்து எல் என்பதால் எல்எல்-37 என்று பெயர் வந்தது. கத்தெலிசிடின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. மாட்டுக்கும் பன்றிக்கும் இந்தக் குடும்பத்தில் பல வகை உண்டு, மனிதனுக்கு இது ஒன்றே ஒன்று. வெண்குருதிக் கலங்களில் நியூட்ரோஃபில் என்ற வகை, மூச்சுக்குழாயின் உட்சுவர், தோல், உமிழ்நீர், தாய்ப்பால் என்று வெளியுலகம் உடம்பைத் தொடும் இடமெல்லாம் இது இருக்கிறது. ஆனால் தயார் நிலையில் இல்லை. நீளமான ஒரு முன்புரதத்தின் வாலாக ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். தேவை வந்தால் ஒரு நொதியம் வாலை வெட்டி விடும், அதன் பிறகுதான் வேலை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை உறையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. கொஸ்ட்மன் நோய் என்ற பிறவிக் குறைபாட்டில் நியூட்ரோஃபில்கள் மிகக் குறைவு. மருந்து கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம், கூட்டியும் விட்டார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் பல்முரசு அழுகிப் பல் ஆடியது. 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் பார்த்தபோது, கலங்கள் வந்திருக்கின்றன, அவற்றுக்குள் எல்எல்-37 இல்லை. ஆள் வந்தும் கையில் கத்தி இல்லாத கதை.

சரி, கிருமியை எப்படிக் கொல்கிறது? அது எளிய பகுதி. எல்எல்-37 நேர்மின்னேற்றம் கொண்டது, பற்றீரியாவின் வெளி மென்சவ்வு எதிர்மின்னேற்றம் கொண்டது. ஒட்டிக்கொள்ளும், சவ்வைக் குலைக்கும், உள்ளிருப்பது வெளியே கசியும். நம் கலங்களின் வெளிப்புறம் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாதது, கொலஸ்திரோலும் கலந்து இறுகியது. அதனால் அளவோடு இருக்கும்வரை நம்மை விட்டுவைக்கும். "அளவோடு" என்ற சொல்லை மனதில் வைத்திருங்கள், பின்னால் வரும்.

ஆரம்பத்தில் எல்லோரும் இதை உடம்பு தயாரிக்கும் அன்டிபயோட்டிக் என்றே நினைத்தார்கள். விளம்பரக்காரர் இன்னும் அங்கேயே நிற்கிறார். ஆனால் உடம்பில் இருக்கிற அளவு உப்பும் குருதித் திரவமும் சேர்ந்த இடத்தில் இதன் கொல்லும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கனடாவின் ரொபர்ட் ஹன்கொக் போன்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்: கொல்வதில் இவ்வளவு சுமாரான ஆளை உடம்பு ஏன் இவ்வளவு இடத்தில் வைத்திருக்கிறது? அவனுக்கு உண்மையில் வேறு வேலை இருக்க வேண்டும். அந்த வேலைதான் ஒழுங்குபடுத்துவது. எனக்கு இந்தப் பொருளில் பிடித்த பகுதியும் அதுதான், கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஆள் கூப்பிடுவது. அந்தக் காலத்தில் விடியற்காலையில் தப்பு மேளம் அடித்துத்தான் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு அணிவகுக்க, ஆள் சேர்ப்பார்கள் என்று தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காயம்பட்ட இடத்தில் வெளிவரும் எல்எல்-37 அந்தத் தப்பு. நியூட்ரோஃபில், மொனோசைட், டி கலம் என்ற வெண்குருதிக் கலங்கள் எல்லாம் அந்தத் திசையில் நகர்ந்து வரும்.

இரண்டாவது, நேர் எதிரான வேலை. சில வகைப் பற்றீரியாக்களின் சுவரில் லிப்போபொலிசக்கரைட் என்ற பொருள் உண்டு. செத்த பற்றீரியாவின் சுவர்த்துண்டு கூட நம் கலங்களைக் கொதிக்க வைக்கப் போதும். குருதியில் அது பரவினால் காய்ச்சல், இரத்த அழுத்தம் விழுதல், அதிர்ச்சி நிலை, மரணம் வரை போகலாம். எல்எல்-37 அந்தத் துண்டுகளைப் பிடித்து மூடிவிடுகிறது, கலங்கள் அதைக் கண்டு கத்துவது குறைகிறது. ஊவாப் பக்கம் வரட்சியில் மானாப்புல் பற்றி எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஊரைக் கூவி அழைக்கிற ஆளும் கொப்பை ஒடித்து நெருப்பை அடிக்கிற ஆளும் ஒரே ஆளாக இருக்க முடியும்.

மூன்றாவது, புண் ஆற்றுவது. தோல் கலங்கள் நகர்ந்து இடைவெளியை மூடவும் புதிய குருதிக் குழாய்கள் முளைக்கவும் இது தூண்டுகிறது.

ஒரே சரம், மூன்று வேலை, இரண்டு ஒன்றுக்கொன்று எதிர். எது நடக்கும் என்பதை எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பவைதான் தீர்மானிக்கின்றன. "நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்ற வாசகத்தை நான் எங்கே கண்டாலும் சந்தேகப்படுவது இதனால்தான். அது தண்ணீர்த் தாங்கியின் மட்டம் இல்லை, கூட்டவும் குறைக்கவும்.

இப்போது தம்பியின் காலுக்கு வருவோம். என் சித்தப்பாவுக்கும் இதே வருத்தம் இருந்தது. கவ்வாத்து வெட்டுகிற ஆள். வெட்டிய தேயிலைக் கிளையின் நுனி எவ்வளவு கூர்மை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு கீறல் விழும், நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. மற்றவர்களுக்கு நான்கு நாளில் காய்ந்து உதிரும். அவருக்கோ பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தக் கோட்டின் மேலேயே, அதே நீளத்துக்கு, சிவந்து தடித்து வெள்ளிச் செதில் எழும்பும். அம்மாயி அதைச் செய்வினை என்றே நம்பினார். நானும் சின்ன வயதில் பாதி நம்பினேன், அந்தக் கோடு அவ்வளவு நேராக இருந்தது. இதைக் கெப்னர் நிகழ்வு என்பார்கள், 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த ஜேர்மன் தோல் வைத்தியர் ஒருவரின் பெயரால்.

அந்தக் கீறலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு 2007இல் ஒரு நல்ல விளக்கம் வந்தது. கீறல் விழுந்தால் கொஞ்சம் கலங்கள் சாகும், அவற்றின் டிஎன்ஏ வெளியே சிந்தும். அது தினமும் நடப்பதுதான். நம் சொந்த டிஎன்ஏவைக் கண்டு நோயெதிர்ப்புக் கலங்கள் அலட்டிக்கொள்வதில்லை, அது அவற்றின் உள்ளே நுழைவதில்லை, சீக்கிரம் சிதைந்தும் போகும். ஆனால் சொரியாசிஸ் தோலில் அதே இடத்தில் எல்எல்-37 அளவுக்கு மீறிச் சுரக்கிறது. நேர்மின்னேற்றம் கொண்ட சரமும் எதிர்மின்னேற்றம் கொண்ட டிஎன்ஏவும் ஒன்றையொன்று விடுமா? சுருண்டு பொட்டலமாகிவிடும். பொட்டலமான டிஎன்ஏ சிதையாது. பிளாஸ்மசைட்டொயிட் டென்ட்ரிட்டிக் கலம் என்ற காவல்காரக் கலத்துக்குள் அப்படியே போய்ச் சேரும். அங்கே வைரஸின் டிஎன்ஏவை மோப்பம் பிடிப்பதற்கென்று ஒரு வாங்கி உண்டு, டிஎல்ஆர்9 என்று பெயர். பொட்டலத்தைப் பிரித்த காவல்காரன் வைரஸ் வந்துவிட்டது என்று நம்பி இன்டர்ஃபெரோன் என்ற எச்சரிக்கைப் பொருளைக் கொட்டுகிறான். அதைக் கேட்டு டி கலங்கள் வரும், அவை தோல் கலங்களைப் பெருகச் சொல்லும், செதில் அடுக்கடுக்காக எழும். வந்த கிருமி எதுவும் இல்லை. சொந்த வீட்டுச் சாமானைத் துணியில் சுற்றி வாசலில் வைத்துவிட்டுத் திருடன் என்று கத்துவது போல.

2014இல் இன்னொன்றும் தெரிய வந்தது: சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமான பேருக்கு எல்எல்-37ஐயே எதிரி என்று அடையாளம் வைத்திருக்கும் டி கலங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட உடம்பில் அதையே ஊசியாக ஏற்றுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். எக்ஸிமா, அதாவது சின்னப் பிள்ளைகளின் முழங்கை மடிப்பில் வந்து நீர் கசியும் அரிப்பு, பார்வைக்குச் சொரியாசிஸின் தங்கை மாதிரி. ஆனால் 2002இல் இரண்டையும் ஒப்பிட்டபோது, எக்ஸிமாத் தோலில் எல்எல்-37 மிகக் குறைவாக இருந்தது. எக்ஸிமாப் பிள்ளைக்கு அடிக்கடி சீழ்ப் பொக்குளம் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். சொரியாசிஸ்காரருக்கு தோல் பிளந்து இரத்தம் கசிந்தாலும் சீழ் பிடிப்பது அபூர்வம். சித்தப்பாவின் கால் அப்படி வெடித்துக் கிடந்தும், அந்தச் சேற்றிலும் அட்டைக்கடியிலும் நடந்தும், ஒருநாளும் சீழ் வைத்ததில்லை. அது அவருடைய அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, உயிரியல் படித்த பிள்ளை என்பதால் சொல்கிறேன். விற்றமின் டி, எல்எல்-37 சுரப்பைத் தூண்டுவது. அப்படியானால் விற்றமின் டி சார்ந்த மருந்து சொரியாசிஸைக் கிளறிவிட வேண்டும் அல்லவா? நடப்பது தலைகீழ். 1985இல் ஜப்பானில் எலும்புத் தேய்வுக்காக விற்றமின் டி வகை மருந்து எடுத்த ஒருவரின் சொரியாசிஸ் தானாக அடங்கியது. அந்த வழியில்தான் இன்று தோல் கிளினிக்கில் எழுதிக்கொடுக்கும் கல்சிப்பொட்ரியோல் களிம்பு வகை வந்தது. ஒரு காரணம், அந்த மருந்து அழற்சிக்கான மற்றச் செய்திகளை அடக்குகிறது. இன்னொன்று 2011இல் தெரிந்தது: தோல் கலத்தின் உள்ளே சிந்திய டிஎன்ஏவை எல்எல்-37 பிடித்துக்கொண்டால், அங்கே அழற்சி கிளம்புவது தடைப்படுகிறது. வெளியே அதே ஜோடி நெருப்பு மூட்டுகிறது, உள்ளே அதே ஜோடி அணைக்கிறது. இதைப் படித்த அன்று நான் வகுப்பில் மற்றப் பாடத்தை விட்டுவிட்டு இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்எல்-37ஐ மருந்தாக மனிதர்களில் முயன்று பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். ஊசியாக அல்ல, புண்ணின் மேல் பூசி. நரம்பு புடைத்து வரும் ஆறாத கால் புண் தெரியும் தானே, அந்தப் புண்ணின் ஓரத்தில் எல்எல்-37 இல்லாமல் போவது முன்பே தெரிந்திருந்தது. 2014இல் வெளியான சோதனையில் 34 பேர். மில்லிலீட்டருக்கு 0.5 மில்லிகிராம், 1.6 மில்லிகிராம், 3.2 மில்லிகிராம் என்று மூன்று அளவு. முதல் இரண்டும், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த எல்எல்-37 இல்லாத வெற்று மருந்தை விட நன்றாக ஆற்றின. 3.2 போட்டவர்களுக்கு வெற்று மருந்தை விட ஒரு பயனும் இல்லை. இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிக்கவில்லை, காணாமல் போனது. அதன் பிறகு நூற்றுக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த சோதனையில் மொத்தமாகப் பார்த்தபோது தெளிவான பலன் தெரியவில்லை, பெரிய புண்களில் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. எந்த நாட்டிலும் இது மருந்தாக அனுமதி பெறவில்லை. இணையத்தில் விற்பவர்கள் சின்னப் போத்தலில் வெள்ளைப் பொடியாக அடைத்து, பொடி எழுத்தில் "ஆய்வுக்கு மட்டும்" என்று ஒட்டியிருப்பார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது, கிருமி நீக்கியதா என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பதுதான் அந்த வரியின் அர்த்தம். அளவு கூடினால் நம் கலங்களின் சவ்வையும் அது உடைக்கும். நோயெதிர்ப்பு சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோயிலும் சில புற்றுநோய்களிலும் இதற்குக் கெட்ட பங்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

விற்றமின் டி என்றதும் நம் பக்கத்தில் அடுத்த கேள்வி வரும், போன மாதம்கூட ஒருவர் கேட்டார்: மூடுபனிப் பிரதேசம், மழைக்குப் படங்கு, தலையில் முக்காடு, வெயிலே படுவதில்லை, அதனால்தான் லயத்தில் காசநோய் வருகிறதா? இதற்குப் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று உண்டு. 2006இல் கலிஃபோர்னியாவில் கண்டார்கள்: காசநோய்க் கிருமியை விழுங்கிய மக்ரோபேஜ் கலம், சுற்றியுள்ள குருதியில் விற்றமின் டி போதுமானதாக இருந்தால்தான் எல்எல்-37ஐ நன்றாகச் சுரந்து கிருமியை அடக்குகிறது. இந்த ஏற்பாடு குரங்கினத்துக்கும் நமக்கும் மட்டுமே உரியது, எலிக்கு இல்லை. அதனால் எலியில் செய்த சோதனையை வைத்து இதில் ஒன்றும் பேச முடியாது. முடிவைக் கேட்டதும் எல்லோருக்கும் ஆசை வந்தது, விற்றமின் டி கொடுத்தால் காசநோய் வராமல் தடுக்கலாமே என்று. மொங்கோலியாவில் 8851 பாடசாலைப் பிள்ளைகளை வைத்து மூன்று வருடம் பார்த்தார்கள், 2020இல் முடிவு வந்தது. வாரம் ஒருமுறை விற்றமின் டி எடுத்தவர்களில் 3.6 வீதமானவர்களுக்குத் தொற்று, எடுக்காதவர்களில் 3.3 வீதம். குருதியில் விற்றமின் டி ஏறியது, தொற்றுக் குறையவில்லை.

என் கருத்தைக் கேட்டால், நம் பக்கத்துக் காசநோய்க்குப் பனியைக் குற்றம் சொல்வது லயத்தைக் கட்டியவர்களுக்குத்தான் வசதி. காற்றோட்டமில்லாத ஒரு காம்பிராவில் ஏழெட்டுப் பேர் படுத்தால் இருமுகிற ஒருவரின் மூச்சை மற்றவர்கள் இரவெல்லாம் இழுக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மாவட்ட மார்பு நோய் கிளினிக்கில் சளிப் பரிசோதனையும் ஆறு மாதக் குளிசையும் இலவசம். விற்றமின் போத்தலுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

தம்பிக்கு என்ன செய்யலாம்? அந்தக் காசில் கால்வாசியை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொண்டு தோல் கிளினிக் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் சிபாரிசுத் துண்டு வாங்கிக்கொண்டு போனால் நல்லது. களிம்பு உண்டு, புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை உண்டு, கடுமையாக இருந்தால் குளிசைகளும் உண்டு. கடையில் தாமாக வாங்கிப் பூசும் கடுமையான ஸ்டீரொயிட் களிம்பையும், யாராவது கொடுக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையையும் தொட வேண்டாம். நிறுத்திய கையோடு சொரியாசிஸ் முன்னைவிட மோசமாகக் கிளம்பலாம். தொண்டை நோவு வந்து இரண்டு மூன்று கிழமையில் உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக எழும்பியதா என்று கேட்டுப் பாருங்கள், அப்படியென்றால் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சாராயமும் சிகரெட்டும் இதைக் கூட்டும். அவனிடம் நீங்கள் சொன்னால் கேட்பானோ தெரியாது, வைத்தியர் சொன்னால் ஒருவேளை கேட்பான்.

அவனும் கவ்வாத்துக்குப் போகிறவன் என்றால், முழங்காலுக்குக் கீழே தடித்த காலுறையோ சாக்குத்துண்டோ சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கட்டும். கீறல் விழாவிட்டால் கோடும் எழாது. குளித்த ஈரம் காயும் முன் தேங்காயெண்ணெயோ வசலினோ பூசினால் செதில் இளகும். உரித்துப் பிய்க்க வேண்டாம்.

அப்புறம், இது ஒட்டாது. சித்தப்பாவுக்கு எங்கள் வீட்டில் தனிக் கோப்பை இருந்தது, பச்சை நிறத் தகரக் கோப்பை, அடுப்படி ஆணியில் தனியாகத் தொங்கும். அவர் இருந்தவரை யாரும் அதை மாற்றவில்லை. உங்கள் வீட்டில் தம்பிக்கென்று அப்படி ஏதாவது தொங்கினால், இன்றைக்கே எடுத்து மற்றக் கோப்பைகளோடு சேர்த்துக் கழுவி வையுங்கள்.